வரையாடு யார் வீட்டுப் பிள்ளை?

பூம்பாறை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது,

இங்கே எல்லோரும் நலம். அம்மா விதைப்பூண்டைப் பல் பல்லாக உதிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆள் கிடைக்கவில்லை, ராத்திரி வரைக்கும் அந்த வேலைதான். உன் விஷயத்துக்கு வருகிறேன்.

ஆராய்ச்சிப் படிப்புக்கு இரண்டு இடத்திலும் கிடைத்திருக்கிறது; ஒன்றில் மனித நோய், இன்னொன்றில் பல உயிர்களின் மரபணுக்களை ஒப்பிடும் ஆய்வு, எதில் சேர என்று கேட்டிருந்தாய். மாமா என்னிடமும் பேசினார். "மனுசனுக்கு வர்ற நோயப் படிச்சா நாலு காசு பார்க்கலாம். ஆட்டையும் பாம்பையும் எலியையும் ஒப்பிட்டுப் பார்த்து யாருக்கு என்ன ஆகப்போகுது மாப்ள?" என்றார். அவர் மேல் கோபப்படாதே, கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மனிதனைப் பற்றித் தெரிந்துகொள்ளவே அந்த ஒப்பீடு வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.

மனித ஜீனோமை, அதாவது நம் டிஎன்ஏவில் எழுதியிருக்கும் மொத்தக் குறிப்பை, மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் சுமார் 300 கோடி எழுத்து. புரதம் செய்யச் சொல்லும் பகுதி அதில் ஒன்றரை சதவீதம் இருந்தால் அதிகம். மிச்சத்தில் எது வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது? பக்கத்தில் எலி, நாய், வௌவால் என்று அடுக்கிவைத்தால்தான் பிடிபடும். கோடிக்கணக்கான வருஷமாக எழுத்துகள் மாறிக்கொண்டே வந்திருக்க, சில இடங்கள் மட்டும் எல்லாவற்றிலும் அப்படியே இருக்கின்றன. அங்கே மாறிப் பிறந்தவை பெரும்பாலும் தங்கவில்லை என்று அர்த்தம். 2023இல் வெளிவந்த ஜூனோமியா ஆய்வில் 240 பாலூட்டிகளை இப்படி அடுக்கிப் பார்த்தார்கள். மனித ஜீனோமில் பத்து சதவீதத்துக்கும் மேல் மாறாமல் காக்கப்பட்டிருக்கிறது. ஒன்றரை எங்கே, பத்து எங்கே! நோய்க்குக் காரணமான எழுத்தைத் தேடுகிறவன் இந்தக் கணக்கைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

மாமா அடுத்த தடவை பேசினால் பாம்புக் கதையைச் சொல். கால் வளரத் தேவையான மரபணு ஒன்றின் பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக். வீடியோ கேமில் வரும் பாத்திரத்தின் பெயராம், விஞ்ஞானிகளுக்குக் குறும்பு அதிகம். கால் முளைக்கிற இடத்தில் அதை ஓடவைக்கும் சுவிட்ச், அந்த மரபணுவிலிருந்து ஏறக்குறைய பத்து லட்சம் எழுத்து தள்ளி உட்கார்ந்திருக்கிறது. மீனுக்கும் அது உண்டு, கோழிக்கும் உண்டு, நமக்கும் உண்டு. பாம்பில் மட்டும் சிதைந்துபோயிருக்கிறது. 2016இல் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் எலியின் சுவிட்சை எடுத்துவிட்டு மலைப்பாம்பினுடையதை வைத்தார்கள். பிறந்த குட்டிகளுக்குக் கால் இருக்க வேண்டிய இடத்தில் குட்டையாக ஒரு முனைதான் இருந்தது. பாம்பு தொலைத்திருந்த 17 எழுத்தை அந்தச் சுவிட்சில் திரும்பச் சேர்த்து வைத்தபோது கால் சரியாக வளர்ந்தது. ஆறு விரல் அதிர்ஷ்டம் என்று ஊரில் சொல்வார்கள் இல்லையா? இதே சுவிட்சில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் குழந்தைக்குக் கட்டைவிரல் பக்கம் இன்னொரு விரல் முளைக்கலாம். அப்புறம் பாம்பைப் படித்து யாருக்கு என்ன என்று மாமா கேட்கட்டும்.

மனிதன்தான் உசத்தி என்று பேச்சை இழுத்தால், அம்மா மடியில் கிடக்கிற பூண்டைக் காட்டு. அதன் ஜீனோம் நம்முடையதைப்போல ஐந்து மடங்கு. பெரும்பகுதி தன்னைத் தானே நகலெடுத்துப் பெருகிய எழுத்துகள்.

என் மனசுக்குப் பிடித்தது என்னவோ வரையாடுதான். முதுகில் வெள்ளி விழுந்த கிழட்டுக் கிடா பாறை விளிம்பில் நின்று நம்மைப் பார்க்கிறதே, அந்தத் தோரணைக்கே ஒரு கும்பிடு போடலாம். வரையாட்டில் மூன்று வகை: இமயமலையில் ஒன்று, அரேபியாவில் ஒன்று, இங்கே ஒன்று. மூன்றையும் ஒரே பேரினத்தில்தான், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்துவைக்கும் ஒரே குழுவில்தான், வைத்திருந்தார்கள். நான் விலங்கியல் நடத்திய காலத்திலும் அதுதான் பாடம். 2005இல் பாரிஸ் ஆய்வாளர்கள் இரண்டு பேர் டிஎன்ஏவை வைத்துப் பார்த்தால், இமயமலைக்காரன் வெள்ளாட்டுக்குச் சொந்தம், அரேபியாக்காரன் வட ஆப்பிரிக்கக் காட்டு ஆட்டுக்குச் சொந்தம், நம்முடையது செம்மறிக்குச் சொந்தம்! இப்போது நம்முடையதற்கு நீல்கிரிட்ராகஸ் என்று தனிப் பேரினமே இருக்கிறது. செங்குத்துப் பாறையில் பிழைத்த பிழைப்பு மூன்றுக்கும் ஒரே சாயலைக் கொடுத்திருக்க வேண்டும். மன்னவனூர் ஆட்டுப் பண்ணையில் ரோமம் கத்தரிக்கக் காத்து நிற்கிற செம்மறியும், தமிழ்நாட்டின் மாநில விலங்கும் பங்காளிகள். சாயலைப் பார்த்து உறவு சொல்லும் நம் கிழவிகள்கூட இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே என் ஓட்டு ஒப்பீட்டு ஆய்வுக்குத்தான். ஆனால் சேர்வதற்கு முன் ஒன்று செய். அங்கே ஏற்கெனவே படிக்கிற சீனியர்களிடம் தனியாகப் பேசு. உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா, கைடு காட்டுக்கு அனுப்புவாரா, இல்லை, நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால்தானா என்று கேள். வரையாட்டை நேரில் பார்க்காமலே அதன் ஜீனோமைப் பற்றிக் கட்டுரை எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. பழைய வாத்தியார் புத்தி என்று வைத்துக்கொள்.

பதில் திருப்தியாக இருந்தால் சம்மதக் கடிதத்தை அனுப்பிவிடு. இன்னோர் இடத்துக்கும் வரவில்லை என்று அன்றைக்கே மரியாதையாக எழுதிவிடு, அந்த இடத்துக்குக் காத்திருக்கிற பிள்ளை யாராவது இருக்கும். முதல் இரண்டு மாத ஹாஸ்டல் பணம் பூண்டு போட்டதும் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா