எந்த மட்டத்து முதுமாணி? தொழில் வழிகாட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளிலும் பிரதேச செயலகங்களிலும் தொழில் வழிகாட்டல் பார்க்கும் ஆசிரியர்கள், உத்தியோகத்தர்களுக்கு,

வணக்கம். பட்டம் முடித்து வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளிடம் "சும்மா இருக்காமல் ஒரு மாஸ்டர்ஸைச் செய்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. எந்த மாஸ்டர்ஸ் என்பதைச் சொல்வோர் குறைவு. சங்கிலி அடகு வைத்துப் பணம் கட்டிய பிறகுதான் வித்தியாசம் தெரியவருகிறது. ஆகவே இந்த மடல்.

கல்வித் தகைமைகளைத் தரவரிசைப்படுத்தும் இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் 12 மட்டங்கள் உண்டு. நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி, அதாவது மாஸ்டர்ஸ், 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம், 60 கிரெடிட். அதில் குறைந்தது 15 ஆய்வுக்குரியது. முதுதத்துவமாணி, அதாவது எம்.பில், 11ஆம் மட்டம். முழுநேரமாகக் குறைந்தது இரண்டு வருடம். கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம். குறைந்தது மூன்று வருடம்.

9க்கும் 10க்கும் நடுவில்தான் பலர் விழுகிறார்கள். இரண்டுக்கும் பெயர் முதுமாணிதான். பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்தவர் எட்டு வருடத்துக்குள் பட்டப்பின் தகைமை பெற்றுப் பதவியில் நிரந்தரமாக வேண்டும். அதற்கு ஆய்வேட்டுடன் கூடிய இரண்டு வருட முதுமாணி வேண்டும். சனி, ஞாயிறு வகுப்பில் ஒரு வருடத்தில் முடிகிற 9ஆம் மட்டப் படிப்பு அங்கே உதவாது. அந்தப் படிப்பு வீண் என்று சொல்லவில்லை. வங்கியிலோ நிறுவனத்திலோ ஏற்கனவே வேலையில் இருப்பவருக்கு அதுவே போதும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். விரிவுரையாளர் ஆட்சேர்ப்பில் முதலில் பார்ப்பது சிறப்புப் பட்டத்தின் வகுப்பை. மூன்று வருடப் பொதுப்பட்டக்காரருக்கு எம்.பில்லுக்குப் பெரும்பாலும் நேர்வாசல் கிடையாது. இடையில் ஒரு முதுமாணியோ தகுதிப் பரீட்சையோ வரும். நிர்வாக சேவைப் பரீட்சை எழுத நினைப்பவருக்கு பட்டம் போதும். ஆனால் வயதெல்லை உண்டு. ஆய்வில் நாலைந்து வருடம் போனால் அந்தக் கதவு மூடிவிடும்.

ஆய்வுப் பட்டத்துக்கு விண்ணப்பப் படிவம் கடைசி வேலை. முதல் வேலை மேற்பார்வையாளரைத் தேடுவது. அவருடைய அண்மைக்காலக் கட்டுரைகள் இரண்டு மூன்றை வாசித்துவிட்டு, ஒரு பக்கத்தில் கேள்வி, முறை, தேவையான உபகரணம், காலம் நான்கையும் எழுதி அனுப்பவேண்டும். "ஐயா, உங்களுக்குக் கீழ் ஆய்வு செய்ய விருப்பம்" என்று மட்டும் போகும் மின்னஞ்சலுக்குப் பதில் வராது. தேசிய விஞ்ஞான மன்றமோ தேசிய ஆராய்ச்சிப் பேரவையோ அவருக்கு நிதி வழங்கியிருக்கிறதா என்றும் கேட்கவேண்டும், அதில் வெட்கம் வேண்டாம். அந்த நிதியில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தால் மாதக் கொடுப்பனவுடன் பட்டமும் செய்யலாம். அவர் எப்போது ஓய்வு பெறுகிறார், நீண்ட விடுமுறையில் வெளிநாடு போகிறாரா என்பதும் கேட்கவேண்டியவையே. மேற்பார்வையாளர் நடுவில் மாறினால் ஆய்வு ஒரு வருடம் பின்னுக்குப் போவது சாதாரணம்.

முன்மொழிவில் வழுக்குவது எங்கே என்பதற்கு நம்மூர் உதாரணம்: கன்னியா வெந்நீரூற்று. ஏழு கிணறுகளின் நீர் இரசாயனத்தை ஆராயப்போவதாக ஒரு பிள்ளை எழுதுகிறது என்று வையுங்கள். வெப்பநிலையையும் பீஎச்சையும் (அமில, காரத் தன்மையின் அளவு) கிணற்றடியிலேயே அளக்கவேண்டும். போத்தலில் அள்ளிக்கொண்டு போய் அளந்தால் நீர் ஆறிவிடும், கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வெளியேறி பீஎச் மாறிவிடும். ஒவ்வொரு கிணற்றிலும் இரண்டு போத்தல்: உலோகங்களுக்கான நீரை 0.45 மைக்ரோமீற்றர் வடியில் வடித்து, பீஎச் 2க்குக் கீழே போகும்வரை நைத்திரிக்கமிலம் விடவேண்டும். நைத்திரேற்று போன்றவற்றுக்கான போத்தலில் அந்த அமிலம் படவே கூடாது. இரண்டும் 4 பாகை செல்சியசில் ஐஸ் பெட்டியில் பேராதனை ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டும். வரவுசெலவில் "பரிசோதனைக் கட்டணம்" என்று ஒரு வரி எழுதி, வடிதாளையும் ஐஸையும் வாகனத்தையும் மறந்தால் இரண்டாவது பயணத்தோடு பணம் முடிந்துவிடும். மாரி, கோடை இரண்டிலும் எடுக்காத மாதிரியைப் பரீட்சகர் வாய்மொழிப் பரீட்சையில் கேட்பார்.

அனுமதி தனி. 2003இல் கடல்சார் தேசியப் பூங்காவான புறாத்தீவில் முருகைக்கல்லைத் தொடுவதற்கே வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நோயாளர்களிடமோ மாணவர்களிடமோ வினாக்கொத்து கொடுப்பதானால், முதலாவது படிவம் நிரப்பப்படுமுன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் இருக்கவேண்டும். தரவு சேகரித்த பிறகு யாரும் பின்திகதியிட்டுத் தரமாட்டார்கள். ஒப்புதல் இலக்கம் இல்லாத கட்டுரையை நல்ல சஞ்சிகை ஏற்காது.

வேலை என்றால் விரிவுரை மண்டபம் மட்டுமல்ல. நாரா எனும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனம், கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம், தேயிலை, இறப்பர், தெங்கு ஆராய்ச்சி நிறுவகங்கள், விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சிப் பிரிவுகள் எல்லாம் உண்டு. வெளிநாடு போக விரும்புவோருக்கு எரஸ்மஸ் முண்டுஸ், பொதுநலவாயம், ஜப்பானின் மெக்ஸ்ட், ஜேர்மனியின் டாட் புலமைப்பரிசில்கள் உண்டு. முடிவுத்திகதிக்கு முன் ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறும் இரண்டு பரிந்துரைக் கடிதங்களும் தயாராக இருப்பது நல்லது. கடவுச்சீட்டையும் கடைசி வாரத்துக்கு விடவேண்டாம்.

உங்களிடம் நாங்கள் கேட்பது பெரிதல்ல. பிள்ளை ஒரு கற்கைநெறிப் பிரசுரத்தைக் கொண்டுவந்தால், கட்டணத்துக்கு முன் அதில் மட்ட இலக்கத்தைத் தேடுங்கள். அச்சிட்டிராவிட்டால், பதிவாளருக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கி வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பட்டப்பின் ஆய்வு மாணவர்களோடு பணிபுரிவோர்,
திருகோணமலை