திருகுகளைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்: அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அறிவியல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நுண்ணோக்கி அலமாரியிலிருந்து வெளியே வரும் நாள் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். மேசை மேல் ஒரே ஒரு நுண்ணோக்கி. ஆசிரியர் முன்னதாகவே வெங்காயத் தோலை வைத்து, எல்லாவற்றையும் சரிசெய்து வைத்திருந்தார். "யாரும் எதையும் தொடக் கூடாது. பார்த்துட்டு நகரணும்." என் முறை வந்தது. குனிந்தேன். ஒரு வெளிச்ச வட்டமும் அதன் குறுக்கே என் இமை மயிரும் தெரிந்தன. "தெரியுதா?" என்றார். "தெரியுது சார்" என்றேன். பிறகு பாடநூல் படத்தைப் பார்த்துச் செங்கல் அடுக்கினாற்போல் செல்களை வரைந்து, நடுவில் உட்கருவுக்குப் புள்ளி வைத்து, பத்துக்குப் பத்து வாங்கினேன்.

எனக்கு முன்னால் நின்றவன் மேசையில் இடித்திருக்கலாம். அதிக உருப்பெருக்கத்தில் ஒரு சமயத்தில் தெளிவாகத் தெரிவது ஓரிரு மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம் மட்டுமே. கை பட்டாலே கலைந்துவிடும். ஆளுக்கு ஆள் பார்வையும் வேறு. ஒருவர் கண்ணுக்குச் சரிசெய்தது நாற்பது பேருக்கும் சரியாக இருக்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது? ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான்: உருவத்தைத் தெளிவாக்கும் திருகைப் பிள்ளையே திருகட்டும். "தெரியவில்லை" என்று அது சொன்னால் அதையும் ஒரு பதிலாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

உடைந்துவிடும் என்ற உங்கள் பயம் நியாயமானது. 40 மடங்கு பொருளருகு லென்ஸுக்கும், பார்க்கும் பொருளை வைத்த கண்ணாடித் துண்டான ஸ்லைடுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் அளவே இடைவெளி இருக்கும். ஆனால் அதற்கு ஒரே ஒரு பழக்கம் போதும். லென்ஸை ஸ்லைடுக்கு அருகே கொண்டுபோகும்போது பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். கண்ணருகு லென்ஸில் கண் வைத்த பிறகு விலக்கிக்கொண்டு மட்டுமே வர வேண்டும். மேலே போவது குழாயா, கீழே இறங்குவது மேடையா என்பது கருவியைப் பொறுத்தது, விதி மாறாது. 40க்கு மாறிவிட்டால் பெரிய திருகைத் தொடவே கூடாது, சின்னத் திருகு மட்டும்தான். இதற்குப் பிறகும் ஸ்லைடில் பொருளை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப் ஒன்று உடைந்தால் உடையட்டும். விட்டுக்கொடுக்கவே கூடாதது வேறொன்று: ஆடி வைத்த நுண்ணோக்கியை ஒருபோதும் நேரே சூரியனை நோக்கித் திருப்பக் கூடாது. கண் போய்விடும்.

முதல் நாளே வெங்காயம் வேண்டாம். அச்சிட்ட தாளிலிருந்து ஓர் எழுத்தை வெட்டி வையுங்கள். "ப" வைத்தால் தலைகீழாவது மட்டும் தெரியும், இடவலம் மாறியது தெரியாது. "ட" வையுங்கள், இரண்டும் தெரியும். ஸ்லைடை இடப்பக்கம் தள்ளினால் உருவம் வலப்பக்கம் ஓடும். இது கைக்குப் பழக வேண்டிய விஷயம், சொல்லிக்கொடுத்து வராது. அடுத்து ஒளி ஊடுருவும் அளவுகோல் ஒன்றை மேடையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 4 மடங்கு லென்ஸில் நாலைந்து மில்லிமீட்டர் தெரியும். 40இல் அதில் பத்தில் ஒரு பங்குதான். கண்ணருகு லென்ஸின் பத்தையும் பொருளருகு லென்ஸின் நாற்பதையும் பெருக்கி 400 என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்கு, 400 மடங்கில் தான் பார்ப்பது அரை மில்லிமீட்டர்கூட அகலமில்லாத இடத்தை என்பது தெரிவதில்லை. நீரில் ஓடும் ஒருசெல் உயிரியான பாரமீசியத்தைத் தொலைத்துவிட்டுத் திகைப்பது அதனால்தான். சின்ன லென்ஸில் தேடு, நடுவுக்குக் கொண்டுவா, பிறகு பெரிதாக்கு என்பதற்கான காரணம் அந்த அளவுகோலில் இருக்கிறது.

வெளிச்சம் பற்றியும் சொல்ல வேண்டும். நன்றாகத் தெரிய நிறைய வெளிச்சம் வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். சாயம் ஏற்றாத கன்னச் செல்லை முழு வெளிச்சத்தில் வைத்தால் ஒன்றுமே இருக்காது. மேடைக்கு அடியில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திறப்பான டயாஃப்ரத்தை மெல்ல மூடினால் வெற்றிடத்திலிருந்து விளிம்பு எழுந்து வரும். அந்த நொடியை ஒரு பிள்ளை தானே கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் முன்கூட்டியே சரிசெய்து வைத்தால் அதை அதனிடமிருந்து எடுத்துக்கொள்கிறீர்கள்.

அடுத்தது காற்றுக் குமிழி. கனத்த கறுப்பு விளிம்போடு அழகான வட்டம். எல்லா வகுப்பிலும் யாராவது ஒருவர் அதை வரைந்து "செல்" என்று பெயர் எழுதுவார்கள். தயவுசெய்து சிவப்பு மையால் அடிக்காதீர்கள். பார்த்ததை வரைந்த ஒரே பிள்ளை அதுவாகத்தான் இருக்கும். ஊசி முனையால் கவர் ஸ்லிப்பை லேசாக அழுத்தச் சொல்லுங்கள், குமிழி நகர்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கரும்புள்ளி தெரிந்தால் கண்ணருகு லென்ஸைச் சுழற்றட்டும். புள்ளியும் சுழன்றால் தூசி அங்கே. ஸ்லைடை நகர்த்தினால் புள்ளியும் நகர்கிறதென்றால் ஸ்லைடில். இரண்டுக்கும் அசையாவிட்டால் பொருளருகு லென்ஸைத் துடைக்க வேண்டியிருக்கும், சட்டை நுனியால் அல்ல, அதற்கான தாளால். துப்பறியும் வேலைக்கு இதைவிட நல்ல பயிற்சி ஏது?

1665இல் தக்கைச் சீவலைப் பார்த்து "செல்" என்ற பெயரைத் தந்தவர் ராபர்ட் ஹூக். நுண்ணோக்கியில் அவரை மிஞ்சியவர் லண்டனில் இல்லை. 1676இல் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக், நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நீந்துவதாக லண்டனிலிருந்த அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு எழுதினார். சரிபார்க்கும் பொறுப்பு ஹூக்கிடம் வந்தது. முதல் முயற்சிகளில் அவருக்கு ஒன்றும் தென்படவில்லை. 1677 நவம்பரில்தான் கண்டார். ஹூக்குக்கே தெரியாத நாள்கள் இருந்திருக்கின்றன. பத்து நொடியில் என் வகுப்புத் தோழர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது என்பதை எங்கள் ஆசிரியர் எப்படி நம்பினாரோ!

ஒரு கருவி, நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம். தெரியும். ஒரே நாளில் முடிக்காதீர்கள் என்பதுதான் என் பதில். ஐந்து பேர் பார்க்கட்டும், மற்றவர்கள் தோலை உரித்து, அயோடின் சொட்டு விட்டு, குமிழி சிக்காமல் கவர் ஸ்லிப்பைச் சாய்வாக இறக்கிப் பழகட்டும். மூன்று வாரம் ஆகட்டும். கைபேசியைக் கண்ணருகு லென்ஸில் வைத்துப் படம்பிடித்து எல்லோருக்கும் காட்டுவது நல்லதுதான், ஆனால் திருகைத் தொட்டதாக அது ஆகாது.

செய்முறைத் தேர்வு நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சரிசெய்து வைத்த ஸ்லைடைக் காட்டிப் பெயர் கேட்காதீர்கள். கலைந்த நிலையில் கொடுத்து, தெளிவாக்கச் சொல்லி, அதற்கு மதிப்பெண் போடுங்கள். படத்துக்கும் அப்படித்தான். உண்மையான வெங்காயத் தோலில் எல்லா உட்கருவும் நடுவில் உட்கார்ந்திருப்பதில்லை. சிலவற்றில் சுவரோரம் ஒட்டியிருக்கும், சிலவற்றில் தெரியவே தெரியாது. அப்படியே வரைந்த பிள்ளைக்கு எதற்குக் குறைக்க வேண்டும்?

அடுத்த முறை நுண்ணோக்கியை மேசையில் வைத்ததும், முதல் பிள்ளை வருவதற்குள் பெரிய திருகை ஒரு சுற்றுச் சுற்றிக் கலைத்துவிட்டு, நீங்கள் இரண்டடி தள்ளி நின்றுகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
"தெரியுது சார்" என்று சொன்னவன்