முதலில் காது, பிறகு இயர்போன்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஒவ்வொரு இயர்போனுக்கும் பக்கத்தில் விலை எழுதியிருக்கிறாய், உள்ளே ஒலி எழுப்பும் டிரைவர் எத்தனை என்று எழுதியிருக்கிறாய், என்ன நிறம் என்றுகூட எழுதியிருக்கிறாய். காதுக்குள் போகும் குழல் எவ்வளவு பருமன், அதன் நுனியில் மாட்டும் சிலிகான் அல்லது நுரை முனைகளை எத்தனை அளவுகளில் தருகிறார்கள் என்று ஒன்றுக்குக்கூட எழுதவில்லை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். வயர் உள்ளதாகத்தான் வாங்கப் போகிறேன் என்று நீ முடிவு செய்ததில் எனக்கு மகிழ்ச்சி. மற்றதை இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு முடிவு செய்.

இத்தனை வருடம் மருத்துவமனையில் நான் செய்த வேலையில் பாதி, காதுக்கு அச்சு எடுப்பதுதான். காது கேட்கும் கருவி பொருத்த வருபவர்களுக்குக் காதுக்குள் ஒரு சின்னப் பஞ்சை வைத்துத் தடுத்துவிட்டு, மெழுகு போன்ற பசையைச் செலுத்தி, அது இறுகியதும் மெல்ல உருவி எடுப்போம். வெளியே வருவது அந்த மனிதருடைய காதுக்குழாயின் வடிவம். ஒருவருடையது போல் இன்னொருவருடையது இருக்காது. ஒரே ஆளின் வலதும் இடதும்கூடப் பல பேருக்கு ஒன்றாக இருக்காது. உன்னுடையதும் அப்படித்தான். வலது காது சாதாரணம். இடது காது குறுகல், முதல் வளைவிலேயே சட்டென்று மேலே திரும்பும். சின்ன வயதில் உனக்கு காதுவலி வரும்போதெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தவள் நான். ஆகவே இரண்டு காதுக்கும் ஒரே அளவு முனையைப் போட்டுக்கொண்டு ‘இடது பக்கம் சத்தம் குறைவாக இருக்கிறது’ என்று இயர்போனைக் குறை சொல்லாதே. வலதுக்கு நடுத்தர அளவு, இடதுக்குச் சிறியது என்று மாற்றிப் போட்டுக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை.

முனை ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பாய். குழாய் இணைப்பில் வாஷர் செய்யும் வேலையைத்தான் காதில் முனை செய்கிறது. காதுக்குழாயின் சுவரோடு அது சுற்றிலும் ஒட்டி நிற்க வேண்டும். எங்காவது மயிரிழை இடைவெளி இருந்தாலும் முதலில் ஓடிப்போவது தாழ்ந்த சுருதி ஒலிகள். இதைச் சோதிக்க உனக்குக் கருவி எதுவும் வேண்டாம். நீ எப்போதும் கேட்கும் கச்சேரிப் பதிவு ஒன்றை எடுத்துக்கொள். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குப் போ. மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் கையை அழுத்தி இழுக்கும்போது வரும் கும்கி என்ற ஆழ்ந்த ஒலியைக் கவனி. முனை சரியாகப் பொருந்தியிருந்தால் அந்த ஒலி உருண்டு வந்து அடங்கும் வரை கேட்கும். பொருந்தவில்லை என்றால் ‘டப்’ என்று ஒரு தட்டல் மட்டும் கேட்கும், மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையும் வயலினும் மட்டும் முன்னால் வந்து கிறீச்சிடும். கேட்டுக்கொண்டே இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பார். அழுத்தினால் கும்கி வருகிறது, விட்டால் போகிறது என்றால் அந்த முனை உனக்கு ஆகாது. கழற்றி வேறு அளவைப் போடு. ‘இதில் பேஸ் (தாழ்ந்த ஒலி) இல்லை’ என்று திருப்பி அனுப்பப்படும் இயர்போன்களில் பலவற்றுக்கு முனையை மாற்றியிருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

இனி நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததன் காரணத்துக்கு வருகிறேன்.

மும்பை பக்கத்துத் தாணேயிலிருந்து நீ தினமும் ரயிலில் போய் வருகிறாய். ஜன்னல் திறந்த பெட்டி, தண்டவாளத்தின் சத்தம், சுற்றிலும் பேச்சு. பெட்டிக்குள் 80 டெசிபல் இரைச்சல் என்று வைத்துக்கொள்வோம். காதை அடைக்காத இயர்போனில் பாட்டுத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்றால், இரைச்சலுக்கு மேலே பத்து டெசிபலாவது ஏற்றத்தான் கை போகும். அது 90. வேலையிடத்து இரைச்சலுக்கு அமெரிக்காவின் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் வரம்பு இது: 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரே ஒரு மணி. உலக சுகாதார நிறுவனம் பாட்டுக் கேட்பவர்களுக்கு இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறது: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். உன் போக்குவரத்து நேரத்தை இதோடு நீயே வைத்துப் பார்.

அதே பெட்டியில் காதை நன்றாக அடைக்கும் இயர்போன் வெளிச்சத்தத்தை 25 டெசிபல் குறைக்கிறது என்று வை. செவிப்பறைக்கு வந்து சேரும் இரைச்சல் 55 ஆகிவிடும். 65, 70 டெசிபலில் தம்புராவின் நான்கு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும். ஒலியளவைக் குறைக்கச் சொல்லி நான் போனில் உன்னை அதட்டத் தேவையே இருக்காது. உன் விரலே குறைத்துவிடும். வெளிச்சத்தத்தை அடைப்பது ஏதோ சொகுசு என்று நினைக்காதே. காதைக் காப்பாற்றிக்கொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

எங்கள் பிரிவுக்குப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வருவார்கள். கேட்புத்திறன் வரைபடத்தில் எல்லா இடத்திலும் கோடு ஒழுங்காக வந்து, 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மட்டும் பள்ளமாக இறங்கும். இரைச்சல் போட்டுவிட்டுப் போகும் கையெழுத்து அது. நான் ஓய்வு பெறும் காலத்தில் அதே பள்ளத்தோடு கல்லூரிப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். ஆலைப் பக்கமே போகாத பிள்ளைகள். ‘காதுக்குள் இரவெல்லாம் ரீங்காரம் கேட்கிறது’ என்பார்கள். உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் செத்துப்போனால் மறுபடி முளைப்பதில்லை, கயல். அவர்களுக்குச் சொல்ல எங்களிடம் ஆறுதல்தான் இருந்தது, மருந்து இல்லை. உன்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்க எனக்கு மனம் வராது.

உன் தோழி சொல்வது போல ப்ளூடூத்தில் இரைச்சலை ரத்து செய்யும் இயர்பட்ஸ் இருக்கிறதே என்று கேட்டிருந்தாய். அது நல்ல தொழில்நுட்பம்தான். வெளிச்சத்தத்தை மைக்கில் வாங்கி, அதற்கு எதிர் அலையை உண்டாக்கிக் கழிக்கிறது. விமானத்தின் முழக்கம், ஏசி ஓட்டம் போன்ற தாழ்ந்த, மாறாத ஒலிகளை அது அருமையாக விழுங்கிவிடும். சுமார் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் அதன் பலம் குறைந்துவிடும். பேச்சும் தட்டுமுட்டுச் சத்தமும் பிரேக்கின் கிறீச்சலும் தப்பி உள்ளே வரும். அங்கே தடுத்து நிறுத்துவது முனையின் அடைப்பு மட்டுமே. தவிர, அந்தச் சின்ன பேட்டரி சில வருடங்களில் தளர்ந்துவிடும், பெரும்பாலும் மாற்றவும் முடியாது. வயர் உள்ளதை ஒழுங்காக வைத்துக்கொண்டால் பத்து வருடம்கூட வரும். தம்புராச் செயலியைப் போட்டுக்கொண்டு நீ பாடிப் பதிவு செய்யும்போது ப்ளூடூத்தில் ஒலி தாமதித்து வந்து தாளத்தைக் கெடுக்கும். வயரில் அந்தத் தொல்லையே கிடையாது.

இப்போது உன் பட்டியலுக்கு வருகிறேன். எட்டிமோட்டிக் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்குப் பழைய சிநேகிதியைப் பார்த்தது போல் இருந்தது. கைக்குழந்தைகளுக்குக் கேட்புச் சோதனை செய்ய நாங்கள் பயன்படுத்திய, மஞ்சள் நுரை முனை வைத்த செருகு இயர்போன் அவர்களுடையதுதான். மீட் கில்லியன் என்பவர் 1983-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் தொடங்கிய நிறுவனம் அது. காது கேட்கும் கருவிக்குள் ஒலியை எழுப்பும் அரிசி அளவு உலோகப் பெட்டி ஒன்று இருக்கும், ஆர்மேச்சர் என்பார்கள். அதே வகையை வைத்து 1991-இல் அவர்கள் ஈஆர்4 என்ற இயர்போனைக் கொண்டுவந்தார்கள். காது எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தவர்கள் செய்தது. நம் காதுக்குழாய் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் நீளம். திறந்திருக்கும்போது 2700 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகளைத் தானாகவே பெருக்கிக் கொடுக்கும். முனையால் அடைத்தவுடன் அந்தப் பெருக்கம் போய்விடும். இழந்ததை இயர்போன் சரியான அளவில் திருப்பித் தர வேண்டும். குறைத்துத் தந்தால் பாடகரின் குரல் கம்பளிக்குள்ளிருந்து வரும். கூட்டித் தந்தால் காது கூசும். நல்ல இயர்போனுக்கும் சுமாரானதற்கும் வித்தியாசம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பத்து டிரைவர் வைத்து இந்த இடத்தில் தவறியதைவிட, ஒரே டிரைவரில் இதைச் சரியாகச் செய்தது மேல். ஆகையால் நீ எழுதியிருக்கும் எண்ணிக்கைகளை அடித்துவிடு.

என் தேர்வு அவர்களுடைய ஈஆர்2எக்ஸ்ஆர். இதில் ஒரே ஒரு டைனமிக் டிரைவர். கும்கிக்கு வேண்டிய அடிநாதத்தைச் சற்றுக் கூட்டித் தருகிறது. குழல் மெல்லியது, உன் இடது காதுக்கு ஏற்றது. மூன்றடுக்கு முனையோடு வரும், ஆழமாகப் போகும். ஒழுங்காகப் பொருந்தினால் 35 டெசிபலுக்கு மேல் அடைக்கும் என்கிறார்கள். ஆய்வகத்தில் கிடைப்பது உன் காதில் அப்படியே கிடைக்காது, 25 கிடைத்தாலே பெரிது. ஆழம் முதலில் சங்கடமாக இருக்கும், ஒரு வாரம் பொறுத்துப் பார். பிடிக்கவே இல்லை என்றால் ஷூர் எஸ்ஈ215-ஐ நுரை முனையோடு வாங்கு. அதுவும் மெல்லிய குழல், வயரைக் கழற்றி மாற்றலாம், அடைப்பும் நன்று. ஆனால் மேல் சுருதிகளில் துலக்கம் குறைவு, வயலின் கொஞ்சம் மங்கித்தான் கேட்கும். இரண்டாயிரம் ரூபாய் அளவில் நீ குறித்திருக்கும் சீன இயர்போன்களையும் நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். மூன்ட்ராப், செவன் ஹெர்ட்ஸ் போன்றவர்கள் அந்த விலையில் தரும் ஒலி, நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கனவிலும் கிடைக்காதது. ஆனால் பெரும்பாலானவற்றில் குழல் பருமன், உடலில் காற்றுக்காக ஒரு துளையும் இருக்கும். அந்தத் துளை வழியே ரயிலும் உள்ளே வரும். இரவில் அறையில் கேட்க மட்டும் என்றால் அதுவே போதும், பணத்தை மிச்சம் பிடி. எதை வாங்கினாலும் நிறுவனம் அங்கீகரித்த விற்பனையாளரிடம் வாங்கு. எஸ்ஈ215-க்குப் போலிகள் ஏராளம்.

போடும் முறையை நேரில் காட்டினால் நன்றாக இருக்கும். எழுதுகிறேன், செய்து பார். வலது காதில் போடும்போது இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து வலது காது மடலைப் பிடித்து மேலேயும் பின்னேயும் இழு. வளைவு நேராகும். இப்போது முனையை லேசாக ஈரப்படுத்தி மெல்லச் சுழற்றி உள்ளே விடு. நுரை முனை என்றால் விரலால் உருட்டி ஒல்லியாக்கி விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் பிடித்துக்கொள். வலித்தால் நிறுத்திவிடு. எடுக்கும்போது ஒரே இழுப்பாக இழுக்காதே; காற்று உறிஞ்சுவது செவிப்பறைக்கு நல்லதல்ல. மெல்லத் திருகி, காற்று புகுந்ததும் எடு. வயர் சட்டையில் உரசினால் காதுக்குள் கரகரவென்று கேட்கும். காது மடலுக்கு மேலாகச் சுற்றிக்கொண்டு, கிளிப்பைத் துப்பட்டாவில் மாட்டிக்கொண்டால் நின்றுவிடும். உன் குரலும் காலடிச் சத்தமும் உள்ளுக்குள் முழங்குகிறது என்று பயப்படாதே. அடைத்த காதின் இயல்பு அது, முனை ஆழமாகப் போகப் போகக் குறையும்.

உன் போனில் இயர்போன் செருகும் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லை. டைப்-சி டாங்கிள் என்ற சின்ன இணைப்பான் ஒன்று வாங்க வேண்டியிருக்கும். டிஜிட்டல் ஒலியை இயர்போனுக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் டேக் (DAC) சிப் உள்ளே இருப்பதாக எழுதியிருப்பதையே வாங்கு. வெறும் வயர் இணைப்பு எல்லாப் போனிலும் வேலை செய்யாது. சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும், உன் தேவைக்கு ஒலியைப் பெருக்கும் விலையுயர்ந்த ஆம்ப் எதுவும் வேண்டாம்.

மழைக்காலத்தில் கவனமாக இரு. தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் காதோடு முனையைச் செருகினால் காளான் தொற்று வரும், அரிப்பில் தூக்கம் போய்விடும். சிலிகான் முனையை வாரம் ஒருமுறை கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாக உலர்த்து. நுரை முனையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்று. ஒரு பக்கம் ஒலி மங்கினால் முதலில் இயர்போன் குழலின் வலையில் குறும்பி அடைத்திருக்கிறதா பார். அதற்காகக் காதுக்குள் பஞ்சு பட்ஸ் விடாதே. அது குறும்பியை இன்னும் உள்ளேதான் தள்ளும்.

பெட்டிக்குள் உட்கார்ந்த பிறகுதான் போட வேண்டும். நடைமேடையில், சாலையில், வாசலருகே நிற்கும்போது இரண்டு காதும் திறந்திருக்கட்டும். இவ்வளவு நன்றாக அடைக்கும் பொருளை வாங்கிக் கொடுத்துவிட்டு இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

பணம் நான் அனுப்புகிறேன், உன் பிறந்தநாளுக்கென்று வைத்துக்கொள். வாங்கியதும் இடது காதுக்கு எந்த அளவு முனை சரியாக வந்தது என்று எழுது. சிறியதும் இறுக்கமாக இருந்தால் சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது அச்சு எடுத்து, உன் காதுக்கென்றே முனை செய்யக் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
அம்மா
மதுரை