ஃபைல் வராது, கடிதம்தான்

அன்புள்ள சண்முகம்,

நலம்தானே? ஹாம் ரேடியோ லைசென்ஸும், அலையில் உன் பெயராக நிற்கும் கால் சைனும் கைக்கு வந்துவிட்டன என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம். ரிட்டயர் ஆன பிறகு பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவன் நம் வகுப்பில் நீ ஒருவன்தான். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. நாகர்கோவிலில் மழை விட்டபாடில்லை. மாடி ஆன்டெனாவின் கனெக்டருக்கு டேப் மாற்றிச் சுற்ற வேண்டும், ஏற விட்டால்தானே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'உன் செட்டில் இருக்கும் சேனல் பட்டியல் ஃபைலை அப்படியே அனுப்பு, என் பாவ்ஃபெங் கை ரேடியோவில் ஏற்றிக்கொள்கிறேன்' என்று கேட்டிருந்தாய். அனுப்பப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே.

நீ வாங்கியிருக்கும் யுவி-5ஆர் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே வைத்து அமுக்கினாலும் பேசும். நமக்கு அந்தப் பக்கம் அனுமதி 144 முதல் 146 வரைதான். மேலே யுஎச்எஃப் என்ற உயர்ந்த பட்டையில் 434 முதல் 438 வரை. இந்த எல்லையெல்லாம் செட்டுக்குத் தெரியாது, கம்ப்யூட்டரில் இருக்கும் சாஃப்ட்வேருக்கும் தெரியாது. ஊர் ஊராகக் கைமாறி வரும் ஃபைல்களில் என்னென்னவோ கிடக்கும். 156.800 என்று ஒரு வரிசை இருந்தால் அது கடலில் போகிறவர்கள் ஆபத்தில் கூப்பிடும் 16ஆம் சேனல். செட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனியும்போது அதில் பிடிடி என்ற பேசும் பட்டன் அமுங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். தவிர, நாகர்கோவிலில் எனக்கு எட்டுகிற ரிப்பீட்டர் (நம் பேச்சை வாங்கித் தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் நிலையம்) தஞ்சாவூரில் உனக்கு எதற்கு?

ஆகவே உன் பட்டியலை நீயே போடு. சேனல்களைக் கம்ப்யூட்டரில் எழுதிச் செட்டில் ஏற்றும் சிர்ப் என்ற இலவச சாஃப்ட்வேரை இறக்கிக்கொள். டான் ஸ்மித் என்ற அமெரிக்க ஹாம் ஆரம்பித்தது. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதப்பட்டது. நூற்றுக்கணக்கான மாடல்களோடு பேசும். கம்பெனிக்கு ஒன்று, மாடலுக்கு ஒன்று என்று சாஃப்ட்வேர் தேடி அலைந்த காலம் இதனால்தான் போயிற்று.

பெரும்பாலும் தகராறு சாஃப்ட்வேரில் இருக்காது, செட்டையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் கேபிளில் இருக்கும். மலிவான கேபிள்களில் புரோலிஃபிக் கம்பெனிச் சிப்பின் போலி இருக்கும். விண்டோஸ் தானாகப் போடும் புது டிரைவர் அதைக் கண்டுபிடித்து வேலை செய்ய மறுக்கும். பழைய டிரைவருக்கு மாற்றினால் பிழைத்துக்கொள்ளும். எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிளாகப் பார்த்து வாங்கினால் இந்தப் பாடே இல்லை. இன்னொன்று, அந்த இரண்டு முள் பிளக் முக்கால்வாசி போனதுமே உட்கார்ந்துவிட்ட மாதிரி இருக்கும். 'செட் பதில் சொல்லவில்லை' என்று திரையில் வந்தால் வேறு எதையும் நோண்டாமல் முதலில் பிளக்கை இன்னும் ஒரு அழுத்து அழுத்து. டக்கென்று உள்ளே போகும்.

இணைந்ததும் முதல் வேலை செட்டில் இருப்பதைப் படித்தெடுப்பது. வந்ததைத் தொடாமல் அப்படியே சேமித்து வை. பின்னால் எது கெட்டாலும் திரும்பிப் போக அந்த ஒரு ஃபைல்தான் வழி. அந்த ஃபைல் உன் செட்டுக்குச் சொந்தமானது. ஒரே பெயரில் வரும் யுவி-5ஆரிலேயே உள்ளே ஓடும் ஃபர்ம்வேர் என்ற நிரல் வேறு வேறு. அடுத்தவன் ஃபைலை அப்படியே ஏற்றாதே என்பதற்கு இது இன்னொரு காரணம்.

அப்புறம் பார்த்தால் ஒரு கணக்குப் புத்தகம் மாதிரி வரிசை வரிசையாக 128 இடம். பெயருக்கு ஏழு எழுத்து. ஃப்ரீக்வன்சி கட்டத்தில் ரிப்பீட்டர் பேசும் அலைவரிசையைப் போடு, டூப்ளெக்ஸ் கட்டத்தில் மைனஸ், ஆஃப்செட்டில் 0.600. நீ அமுக்கும்போது செட் தானாக 600 கிலோஹெர்ட்ஸ் கீழே இறங்கிப் பேசும். டோன் கட்டம்தான் புதியவர்களைக் குழப்பும். 'டோன்' என்று வைத்தால் நீ பேசும்போது மட்டும் காதில் விழாத அந்தத் தாழ்ந்த ஒலி கூடவே போகும், ரிப்பீட்டர் அதைக் கேட்டுத்தான் திறக்கும். 'டி-ஸ்குவெல்ச்' என்று வைத்தால் எதிர்ப்பக்கத்திலிருந்தும் அதே டோன் வந்தால்தான் உன் ஸ்பீக்கர் திறக்கும். ரிப்பீட்டர் டோன் அனுப்பாவிட்டால் ஊரே பேசிக்கொண்டிருக்கும், உன் செட் மட்டும் ஊமையாக இருக்கும். ஆரம்பத்தில் 'டோன்' போதும். கேட்க மட்டும் வேண்டிய வரிசைக்கு டூப்ளெக்ஸில் 'ஆஃப்' கொடு. அப்புறம் பிடிடியை எவ்வளவு அமுக்கினாலும் அதில் அலை கிளம்பாது.

இந்தச் சாஃப்ட்வேரின் அருமை தெரிய வேண்டுமானால் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வரிசை போட்டுப் பார். 2020 செப்டம்பரிலிருந்து அங்கே ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது. நாம் 145.990இல் 67 ஹெர்ட்ஸ் டோனோடு பேச வேண்டும், அது 437.800இல் திருப்பிச் சொல்லும். டூப்ளெக்ஸில் 'ஸ்பிலிட்' போட்டு, ஆஃப்செட் இருக்கும் இடத்தில் 145.990 என்று எழுது. அது வரும் வேகத்தில் டாப்ளர் விளைவு வேறு (கடந்து போகும் ரயிலின் ஊதல் மாறுகிற மாதிரி), கேட்கும் ஃப்ரீக்வன்சி கிட்டத்தட்ட 10 கிலோஹெர்ட்ஸ் மேலே ஆரம்பித்துப் போகப் போகக் கீழே இறங்கும். அதனால் 437.810, .805, .800, .795, .790 என்று ஐந்து வரிசையை அடுத்தடுத்து வைத்துக்கொள். நிலையம் உதிக்கும்போது முதல் வரிசை, தலைக்கு மேலே நடு வரிசை, மறையும்போது கடைசி. ஒரு தடவை கடந்து போக மிஞ்சினால் பத்து நிமிஷம்போலத்தான் ஆகும். செட்டின் குட்டிப் பட்டன்களில் இதையெல்லாம் தட்டி ஏற்றுவதற்குள் அது இலங்கையைத் தாண்டியிருக்கும். சில நாள் அந்த ரிப்பீட்டரை அணைத்தும் வைத்திருப்பார்கள், ஒன்றும் கேட்காவிட்டால் உன் பட்டியல்மேல் சந்தேகப்படாதே.

கடைசியில் செட்டிங்ஸுக்குப் போய் அந்தச் சீனத்து அம்மாவின் குரலையும் பீப்பையும் நிறுத்திவிடு, கமலாவுக்குப் புண்ணியமாகப் போகும். செட் போட்டதும் திரையில் வரும் வாசகத்தில் உன் கால் சைனை எழுதிக்கொள்.

பட்டியல் போட்டு முடித்ததும் சிஎஸ்வி என்ற அட்டவணை ஃபைலாக எனக்கு அனுப்பு. அதை எக்ஸெலிலேயே திறந்து பார்க்கலாம். சரியா என்று பார்த்துச் சொல்கிறேன், அப்புறம் செட்டில் ஏற்று. பொங்கல் கழித்துத் தஞ்சாவூர் பக்கம் ஒரு கல்யாணம் இருக்கிறது, வந்தால் உன் வீட்டில்தான் தங்கல். கமலாவுக்கும் பையனுக்கும் என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
ராஜாமணி