இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐ.ஐ.டி. போன்ற மத்திய உயர்கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிடங்களுக்கு இட ஒதுக்கீட்டை உறுதி செய்யும் சட்டம் 2019-இல் வந்தது. பட்டியலினத்தவருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு. இருந்தும் இடங்கள் நிரம்பாதபோதெல்லாம் வரும் பதில், ‘தகுதியானவர்கள் விண்ணப்பிக்கவில்லை’ என்பதுதான். சரி, அவர்கள் ஏன் வரவில்லை என்று இளநிலை வகுப்பறைக்கு வந்து பார்க்க வேண்டாமா?

தென்மாவட்டத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். என் வகுப்பில் முதல் பட்டதாரிகள் நிறைய. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021-இல் பொறியியலுக்கும் வந்தபின், கெட்டிக்காரப் பெண்கள் பலர் வருகிறார்கள். ஆனால் ஆராய்ச்சி என்று ஒரு வேலை இருப்பதையே யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. மூன்றாம் ஆண்டு முழுக்க பிளேஸ்மென்ட் பயிற்சி. அப்புறம் கடைசி ஆண்டு புராஜெக்ட்; அதைத் தலைப்பு, கணினி நிரல், ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து விற்க ஊருக்கு ஊர் புராஜெக்ட் சென்டர்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். கேள்வி எழுப்பி விடை தேடும் வேலையை அவர்கள் கண்ணால் பார்த்ததே இல்லை.

ஐ.ஐ.டி. ஆசிரியர் பணிக்குத் தேவையான பிஎச்.டி.யில் சேர நேர்காணலுக்குப் போனாலோ, ‘இளநிலையில் என்ன ஆராய்ச்சி செய்தாய்?’ என்று கேட்கிறார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமென்றால் பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யும் அறிவியல் அகாதமிகளும் உதவித்தொகையுடன் கோடைக்கால ஆராய்ச்சி வாய்ப்பு தருகின்றன, நல்ல திட்டங்கள். ஆனால் இணைப்புக் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வு சில ஆண்டுகளில் ஜூன் வரை இழுக்கிறது. தேர்வு முடிந்தாலும், ‘பொம்பளப் பிள்ள தனியா எங்க தங்கும்?’ என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடுதி அறைதான் பதில்.

அமெரிக்காவில் கணினி ஆராய்ச்சிச் சங்கத்தின் மகளிர் குழு 1994-லேயே இதற்கு ஒரு வழி கண்டது. இளநிலை மாணவிகளைக் கோடையில் வேறொரு பல்கலைக்கழகப் பேராசிரியரிடம் அனுப்பி, உதவித்தொகையும் கொடுத்தது. வழிகாட்டியாகப் பெண் பேராசிரியர்களையே அமர்த்தியதுதான் அதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தன்னைப் போன்ற ஒருவர் அந்த நாற்காலியில் இருப்பதைப் பார்த்த பெண்ணுக்கு அந்த இடம் எட்டாததாகத் தோன்றாது.

தமிழக உயர்கல்வித் துறை இங்கும் இதைச் செய்யலாம். முதல் பட்டதாரிகள், மாணவிகள், பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு இரண்டாம் ஆண்டு முடிந்ததும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் அரசுப் பொறியியல் கல்லூரிகளிலும் இரண்டு மாத ஆராய்ச்சிப் பயிற்சி, உதவித்தொகை, விடுதி. வழிகாட்டும் ஆசிரியருக்கு அதைப் பணிநேரமாகக் கணக்கிட வேண்டும். தேர்வுகளை மே முதல் வாரத்துக்குள் முடிக்கவும் வேண்டும். அடுத்த கல்வியாண்டின் தேர்வு அட்டவணையிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியை,
விருதுநகர் மாவட்டம்.