பாப்பாவுக்குத் தேதி வாங்கியாச்சா?

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கிணற்று மோட்டாரை மாற்றியாச்சு. வேறு சேதி எழுதலாம் என்று உட்கார்ந்தால் கை பாப்பாவின் இதயக் கோளாறு பக்கமே போகிறது. ஃபோன் பண்ணினால் ராத்திரி ஒன்பது மணிக்கும் ‘மீட்டிங்ல இருக்கேன்மா’ என்கிறாய். வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் நெய் டப்பாவோடு இந்தக் கடிதத்தையும் வைத்து அனுப்புகிறேன்.

கோயில் பொங்கலுக்கு வந்தபோதே எனக்கு உறுத்தல்தான். பாப்பா நாலு வாய் உறிஞ்சுவாள், விட்டுவிடுவாள், மூச்சு வாங்குவாள், மறுபடி உறிஞ்சுவாள். ஃபேனுக்கு அடியில் இருந்தும் நெற்றியிலும் பிடரியிலும் முத்து முத்தாக வேர்வை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கு நடுவே சதை உள்ளே இழுத்தது. அங்கன்வாடியில் எத்தனை பிள்ளைகளைத் தராசில் போட்டவள் நான். எடை எவ்வளவு என்று கேட்டதற்கு ‘அவ என்னை மாதிரி ஒல்லி’ என்று சிரித்தாய். உன் பெண்டாட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இதயத்தை ஸ்கேன் பண்ணின எக்கோ ரிப்போர்ட்கூட எனக்கு உன் மாமா மூலமாகத்தான் வந்தது. பெற்றவளுக்கு நேரே அனுப்ப உனக்கு மனசு வரவில்லை. போகட்டும். அதை எடுத்துக்கொண்டு ஆர்.பி.எஸ்.கே. என்கிற அரசாங்கக் குழந்தைகள் உடல்பரிசோதனைத் திட்டத்து டாக்டரம்மாவிடம் போனேன். 2013-ல் அந்தத் திட்டம் வந்ததிலிருந்து வண்டியில் வந்து நம் அங்கன்வாடிப் பிள்ளைகளைப் பார்த்தார்களே, அவர்களில் ஒருவர்தான். பொறுமையாக உட்காரவைத்துச் சொன்னார். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு நுரையீரலால் வேலை இல்லை. அங்கே போக வேண்டிய ரத்தத்தைப் பெரிய ரத்தக்குழாய்க்குத் திருப்பிவிட ஒரு சின்னக் குழாய் இருக்குமாம். பிறந்த சில நாளில் அது தானாக மூடிக்கொள்ளும். பாப்பாவுக்கு மூடவில்லை. அதைத்தான் பி.டி.ஏ. என்று போட்டிருக்கிறார்கள். இப்போது ரத்தம் அதே குழாய் வழியாகத் திரும்பி நுரையீரலுக்குள் கொட்டுகிறது. மூச்சு வாங்குவது, அடிக்கடி சளி பிடிப்பது, எடை ஏறாதது எல்லாம் இதனால்தான். தாய்ப்பால் போதாமல் இல்லை. இதை அவளிடம் நீ உன் வாயால் சொல்.

நெஞ்சைப் பிளப்பார்கள் என்று பயந்துதான் தள்ளிப்போடுகிறாயோ என்னவோ. 1938-ல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் என்ற டாக்டர் ஏழு வயசுப் பெண்ணுக்கு நெஞ்சைத் திறந்துதான் இந்தக் குழாயைக் கட்டினாராம். 1967-லேயே ஜெர்மனியில் தொடை ரத்தக்குழாய் வழியாக அடைத்துக் காட்டிவிட்டார்கள். இப்போது அதற்கென்றே வலைபோலச் சாமான் இருக்கிறது. நிக்கலும் டைட்டேனியமும் கலந்த நிட்டினால் கம்பி. இழுத்து நீட்டி மெல்லிய குழலுக்குள் நுழைத்துவிடலாம், உள்ளே போய் வெளியே தள்ளினால் பழைய உருவத்துக்கு வந்துவிடும்.

டாக்டரம்மா ஒரு வீடியோ காட்டினார். தென் அமெரிக்காவில் பொலிவியா, லா பாஸ் என்ற ஊர். கடல் மட்டத்துக்கு 3,600 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் அங்கே இந்தக் குழாய் மூடாத பிள்ளைகள் அதிகமாம். ஃபிரான்ஸ் ஃப்ராய்டென்டால் என்ற குழந்தை இதய டாக்டர் இதற்கான அடைப்பானைத் தானே உருவாக்கியிருக்கிறார். அதைப் பின்னுவது மிஷின் இல்லை, அய்மாரா இனத்துப் பெண்கள். ஸ்வெட்டர் பின்னிப் பழகிய கை. ஒரே கம்பியில், ஒட்டு இல்லாமல் பின்னுகிறார்கள். நான் வயர் கூடை போடும்போது மூலை திருப்புவேனே, கிட்டத்தட்ட அதே திருப்பு. வீடியோவைத் திரும்ப வைக்கச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். பாப்பாவுக்கு எந்தச் சாமான் என்பதை நீ காட்டுகிற டாக்டர்தான் முடிவு பண்ணுவார். எனக்கு அந்தக் கைகளைப் பார்த்ததில் ஒரு தைரியம், அவ்வளவுதான்.

நம் மாதிரி நாட்டில் இது ஏன் பெரிய விஷயம் என்றும் சொன்னார். ஆயிரம் பிள்ளை பிறந்தால் எட்டு ஒன்பது பேருக்கு இதயத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது. குழந்தைகளுக்கு இதய ஆபரேஷன் செய்கிற டாக்டரும் ஐ.சி.யூ. படுக்கையும் அந்த அளவுக்கு எங்கே இருக்கிறது? தொடை வழி என்றால் ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம், பெரும்பாலும் ரத்தம்கூட ஏற்ற வேண்டியதில்லை. என் சென்டரில் ஒரு கூலிக்காரப் பெண்ணின் பிள்ளைக்கு முதலமைச்சர் காப்பீட்டில் செய்தார்களே, நினைவிருக்கிறதா? செய்த அன்றைக்குக் காலை மடக்க விடக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். அவள் பிள்ளையின் முழங்காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்தபின் நான் போய்ப் பார்த்தேன். தொடை இடுக்கில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, மேலே பிளாஸ்திரி. அவ்வளவுதான்.

எல்லாப் பிள்ளைக்கும் இப்படி முடியாது. குழாய் ரொம்பப் பெரிதாகவோ ஏடாகூடமாகவோ இருந்தால் விலாவுக்கு நடுவே திறந்து கட்டத்தான் வேண்டும். அதுவும் நடக்கிற காரியம்தான். நடக்கக் கூடாதது தாமதம். நுரையீரலில் பிரஷர் ஏறி ஏறி ஒரு கட்டத்துக்கு மேல் போனால் அப்புறம் மூடவே கூடாதாம், மூடினால் ஆபத்தாம். தேதி வாங்கு. வாங்கியிருந்தால் என்னிடம் சொல்.

அப்புறம் இன்னொன்று. உன் மாமா வந்துவிட்டுப் போனார். மருமகன் என் ஃபோனையும் எடுப்பதில்லை என்றார். காபி ஆறும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தத்தில் கட்டினால் இது வருமா என்று டாக்டரம்மாவிடம் நான்தான் கேட்டேன். வாய்ப்பு கொஞ்சம் கூடும், இல்லை என்று சொல்லமாட்டேன் என்றார். ஆனால் தான் அனுப்பிய பிள்ளைகளில் பாதிக்கு மேல் சொந்தம் இல்லாமல் அசலில் கட்டியவர்களுடையது என்றும், ஒரு பிள்ளையைக் காட்டி இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். நம் தெருவில் எத்தனை வீட்டில் மாமன் மகளைக் கட்டியிருக்கிறார்கள், எண்ணிப் பார். அண்ணன் வீட்டுக்கு நான் தாம்பூலத் தட்டோடு போனபோது நீயும்தானே புதுச்சட்டை போட்டுக்கொண்டு கூட வந்தாய்? இன்றைக்கு அந்த மனுஷனிடம் பேசாமல் இருந்தால் பாப்பாவின் குழாய் மூடிவிடுமா? கோபம் இருந்தால் என்மேல் வைத்துக்கொள். அவளிடம் முகத்தைத் திருப்பாதே. நீ திருப்பமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

கம்பெனி இன்சூரன்ஸில் பிறவிக் கோளாறுக்குப் பணம் உண்டா என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேள், வாய்வார்த்தையை நம்பாதே. இல்லை என்றால் என் பி.எஃப். பணம் அப்படியே பேங்கில் கிடக்கிறது. சளி இருந்தால் தேதி தள்ளிப்போகும் என்றார்கள், அதனால் கூட்டமான இடத்துக்குப் பாப்பாவைத் தூக்கிப் போகாதீர்கள். நான் முந்தின நாளே வந்துவிடுவேன், பஸ் ஸ்டாண்டுக்கு நீ வர வேண்டாம், வழி தெரியும். நெய் பாப்பாவுக்கு இல்லை, அவளுக்கு. சாப்பிடுகிறாளா என்று பார்.

அம்மா