சார்பு வேறு, பொய் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆஸ்திரேலிய ஊடகங்களின் கட்சிச் சார்பு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை எல்லாப் பழியையும் ரூபர்ட் முர்டாக் தலையில் சுமத்திவிட்டு முடிந்துவிட்டது. அவருக்குச் சேர வேண்டிய பங்கு கணிசமானதுதான். பிரிஸ்பேன், அடிலெய்ட், ஹோபார்ட், டார்வின் ஆகிய தலைநகரங்களில் அச்சில் வரும் நகர நாளிதழ் ஆளுக்கு ஒன்றுதான். நான்கும் அவர் குடும்பத்தின் பிடியில் உள்ள நியூஸ் கார்ப் நிறுவனத்துடையவை. ஆனால் ஒரு பத்திரிகை ஒரு கட்சிக்காக வரிந்து கட்டிக்கொண்டு நிற்பதும், பொய்யான தகவல் ஊரெங்கும் பரவுவதும் ஒரே நோய் அல்ல. முதலாவதைச் சட்டம் போட்டுத் தடுக்கப் போனால் கருத்துரிமையில்தான் கை வைப்போம். இரண்டாவதை ஓரளவு தடுக்க வழி இருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியா அதை 1985 முதல் நடத்திக் காட்டுகிறது. கான்பராவில் இருக்கும் கூட்டாட்சி அரசுதான் கண்டுகொள்ளவில்லை.

கூட்டாட்சித் தேர்தலின் நிலை இது. பற்பசை விற்பவர் பொய் சொல்லி விளம்பரம் செய்தால் நுகர்வோர் சட்டத்தின் 18-வது பிரிவு பாயும். அது வணிகத்துக்கு மட்டும். வாக்குக் கேட்பது வணிகம் அல்ல. 1918-ம் ஆண்டின் தேர்தல் சட்டத்தில் 329-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வாக்களிப்பது தொடர்பாக வாக்காளரைத் தவறாக வழிநடத்துவது குற்றம் என்கிறது. படித்தால் எல்லாப் பொய்யையும் பிடித்துவிடும் போலத் தோன்றும். ஆனால் 1981-ல், எவன்ஸ் எதிர் கிரிக்டன்-பிரவுன் வழக்கில், நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமான ஹை கோர்ட், அப்போது வேறு எண்ணில் இருந்த இந்த விதியின் எல்லையைச் சுருக்கிவிட்டது. வாக்குச்சீட்டை நிரப்புவதும் பெட்டியில் போடுவதும் மட்டுமே அந்தப் பிரிவுக்குள் வரும். யாருக்குப் போடுவது என்று மனத்துக்குள் எடுக்கும் முடிவு வராது. எனவே, சீட்டில் விருப்ப வரிசை எண்களை எப்படி எழுதுவது என்று தவறாகச் சொல்லித் துண்டறிக்கை அடித்தால் குற்றம். எதிர்க்கட்சியின் கொள்கையில் இல்லாத வரியை இருப்பதாக அடித்தால் குற்றமில்லை.

இந்த ஓட்டையை அடைக்க, பொய்யான தேர்தல் விளம்பரத்தைத் தடுக்கும் பிரிவு ஒன்றை 1983-ல் சேர்த்தார்கள். மறு ஆண்டே, அது நடைமுறைக்கு ஒவ்வாது என்று நாடாளுமன்றக் குழு சொன்னதும் நீக்கிவிட்டார்கள். ஒவ்வாது என்று கைவிட்டதைத்தான் அடுத்த ஆண்டு தெற்கு ஆஸ்திரேலியா தன் தேர்தல் சட்டத்தில் 113-வது பிரிவாக எழுதிக்கொண்டது. கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று நீதிமன்றத்தில் வாதிட்டார்கள். 1995-ல் கேமரன் எதிர் பெக்கர் தீர்ப்பில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. கான்பரா தலைநகரப் பகுதிச் சட்டமன்றமும் 2021 ஜூலை முதல் இதே போன்ற விதியைத் தன் தேர்தல்களுக்குக் கொண்டு வந்துவிட்டது.

தெற்கு ஆஸ்திரேலியச் சட்டம் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். புகார் எழுத்து மூலம் தேர்தல் ஆணையருக்குப் போக வேண்டும். விளம்பரத்தின் நகல், பார்த்த இடம், தேதி, எந்த வாக்கியம் பொய், அதற்கு ஆதாரம் என்ன என்று இவ்வளவும் இருந்தால்தான் வேகமாக நகரும். "மொத்தமே பித்தலாட்டம்" என்று எழுதி அனுப்பினால் குப்பைக் கூடைதான். ஆணையர் பார்ப்பது நான்கு: இது தேர்தல் விளம்பரமா, இதில் தகவல் என்ற தோரணையில் ஒரு கூற்று இருக்கிறதா, அது பிழையா, அந்தப் பிழை வாக்காளரைக் குறிப்பிடத்தக்க அளவுக்குத் தவறாக வழிநடத்துமா. நான்குக்கும் ஆம் என்றால், விளம்பரத்தை நீக்கி மறுப்பு வெளியிடச் சொல்வார். மறுத்தால் நீதிமன்றம். அபராதத்தின் உச்சம் தனிநபருக்கு 5,000 டாலர், நிறுவனத்துக்கு 25,000 டாலர். கோடிகளில் செலவழிக்கும் கட்சிக்கு இது காசே இல்லை. வலிப்பது மறுப்பு வெளியிட வேண்டியிருப்பதுதான். விளம்பரத்தை அச்சடித்தவர், உள்ளடக்கத்தில் தனக்குப் பங்கில்லை, பொய்யென்று தெரிந்திருக்க வாய்ப்பும் இல்லை என்று காட்டினால் தப்பிக்கலாம். பத்திரிகைகள் பதறத் தேவையில்லை.

2022 மாநிலத் தேர்தலில் லேபர் கட்சியே இதில் சிக்கியது. மருத்துவமனை வாசலில் நோயாளியோடு ஆம்புலன்ஸ் காத்து நிற்பதை அங்கே ராம்பிங் என்பார்கள். அது "முன்னெப்போதையும் விட மோசம்" என்று விளம்பரம் செய்தார்கள். புள்ளிவிவரப்படி உச்சம் சில மாதங்களுக்கு முன்பே வந்து இறங்கியிருந்தது. நீக்கச் சொன்னார் ஆணையர். "ராம்பிங் மிக மோசம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது கருத்து, யாரும் தொட்டிருக்க முடியாது. (அதே லேபர் ஆட்சிக்கு வந்த பிறகு ராம்பிங் புதிய உச்சங்களைத் தொட்டது. அதைப் பிடிக்க எந்தச் சட்டமும் கிடையாது.)

சட்டத்தின் பலவீனமும் இங்கேதான். 2019-ல் லேபர், இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்தின் மீது "மரண வரி" கொண்டு வரப்போகிறது என்ற பொய் ஃபேஸ்புக்கெங்கும் ஓடியது. அக்கட்சியின் கொள்கையில் அப்படி எதுவும் இல்லை. "லேபரின் கொள்கையில் மரண வரி இருக்கிறது" என்றால் தகவல்; 113-வது பிரிவின் பிடிக்குள் வரும். "லேபர் வந்தால் மரண வரி வரும்" என்றால் கணிப்பு, நழுவிவிடும். விளம்பரம் எழுதுபவர்களுக்கு இந்த நெளிவு சுளிவு அத்துப்படி. 2025-ல் லேபரும் இதே வழியில்தான் போனது. அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டனின் அணுமின் திட்டத்துக்கு 600 பில்லியன் டாலர் ஆகும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஸ்மார்ட் எனர்ஜி கவுன்சில் என்ற புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறை அமைப்பு 116 முதல் 600 பில்லியன் வரை என்று போட்ட மதிப்பீட்டின் மேல் நுனி அது. எதிர்த்தரப்பு முன்வைத்த ஃப்ரான்டியர் எகனாமிக்ஸ் கணக்கு, மொத்த மின் அமைப்புக்கும் சேர்த்தே, 331 பில்லியன். இரண்டுமே கணிப்புதான், ஆனால் ஒரு வீச்சின் ஒரு முனையை மட்டும் வெட்டி எடுத்து, கணிப்பென்றே சொல்லாமல் சுவரொட்டியில் ஏற்றும்போது வாக்காளருக்கு அது தகவலாகத்தான் போய்ச் சேருகிறது. "மதிப்பீட்டை மேற்கோள் காட்டினால் முழு வீச்சையும், யார் போட்டது என்பதையும் அச்சிடு" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இதில் எந்தச் சுதந்திரமும் பறிபோகாது.

கட்டுரையாளர் கவனிக்காமல் விட்ட பெரிய ஓட்டை, பத்திரிகையின் முதல் பக்கம். 113-வது பிரிவு விளம்பரத்துக்குத்தான், செய்திக்கு அல்ல. விளம்பரத்தில் சொல்ல முடியாததைத் தலைவர் பேட்டியில் சொல்லலாம், பத்திரிகை தலைப்பாக்கலாம், கட்சி அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் பகிரலாம். 2013 ஆகஸ்ட் 5 அன்று, தேர்தல் அறிவித்த மறுநாள், சிட்னி டெய்லி டெலிகிராஃப் "இந்தக் கும்பலை வெளியே துரத்துங்கள்" என்று முதல் பக்கம் போட்டது. அநாகரிகம்தான், ஆனால் கருத்து. அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. செய்தியில் பிழையான தகவல் வந்தால் புகார் செய்யலாம். அச்சுப் பத்திரிகையும் அதன் இணையதளமும் என்றால் பிரஸ் கவுன்சில்; வெளியான 60 நாட்களுக்குள் எழுத வேண்டும். அது அபராதம் போடாது, தன் முடிவை அந்தப் பத்திரிகையில் வெளியிடச் சொல்லும். உறுப்பினர் அல்லாத பத்திரிகையை அதுவும் கேட்காது. தொலைக்காட்சி, வானொலி என்றால் முதலில் நிலையத்துக்கே எழுத வேண்டும். 60 நாட்களில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், ஒலி, ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஏ.சி.எம்.ஏ. ஆணையம். கணக்குப் பாருங்கள்: தேர்தல் பிரசாரம் ஐந்தாறு வாரம். பதில் வருவதற்குள் புதிய அமைச்சரவை பதவியேற்றிருக்கும்.

நேரம் பற்றிய இன்னொரு விதி கேலிக்கூத்தாகவே ஆகிவிட்டது. வாக்குப்பதிவுக்கு முந்தைய புதன்கிழமை நள்ளிரவு முதல் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் தேர்தல் விளம்பரம் கூடாது. கடைசி நேரப் பொய்க்குப் பதில் சொல்ல அவகாசம் இல்லாமல் போகக் கூடாது என்பது நோக்கம். இணையத்துக்கு இந்தத் தடை கிடையாது. 2025 தேர்தல் மே 3. முன்கூட்டிய வாக்குப்பதிவு ஏப்ரல் 22-லேயே தொடங்கிவிட்டது. லட்சக்கணக்கானோர் போட்டு முடித்த பிறகு வரும் மௌனம் யாருக்காக? கைபேசிக்கு வரும் கட்சிக் குறுஞ்செய்திகளையும் நிறுத்த முடியாது. எரிதச் (ஸ்பாம்) சட்டத்தில் கட்சிகள் தங்களுக்குத் தாங்களே விலக்கு எழுதிக்கொண்டிருக்கின்றன. 2016-ல் அரசு மருத்துவக் காப்பீடான "மெடிகேர்" என்ற பெயரில் லேபர் அனுப்பிய குறுஞ்செய்திக்குப் பிறகு, அரசு அமைப்பைப் போல நடிப்பதை 2018-ல் குற்றமாக்கினார்கள். உறையின் மேல் எழுதும் பெயருக்குத்தான் கட்டுப்பாடு வந்தது. உள்ளே என்ன எழுதினாலும் பழைய கதைதான்.

ஆங்கிலம் அல்லாத மொழிகளில் இது எப்படி நடக்கும் என்பதற்கு 2019-ல் மெல்பர்னின் சிஸம் தொகுதி சாட்சி. வாக்குச்சாவடிகளில், தேர்தல் ஆணையத்தின் ஊதா நிறத்திலேயே, சீன மொழியில் பலகை வைத்தது லிபரல் கட்சி. சரியாக வாக்களிக்க வேண்டுமானால் லிபரலுக்கு 1 போட வேண்டும் என்று வாசிப்பவர் நினைக்கும்படி இருந்தது வாசகம். அது தவறாக வழிநடத்தக்கூடியதே என்று நீதிமன்றம் கண்டது. ஆனால் 1,090 வாக்கு வித்தியாசத்தை அது மாற்றியிருக்கும் என்று நிறுவப்படவில்லை, முடிவு நின்றது. ஆங்கிலப் பத்திரிகையாளர் யாரும் படிக்க முடியாத மொழியில் வரும் விளம்பரத்தை அந்தந்த மொழி இதழ்தான் பார்க்க முடியும். தேர்தல் காலத்தில் விளம்பரம் வாங்கும் தமிழ் இதழ்கள் அனுமதி அளித்தவரின் பெயரும் ஊரும் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், தமிழ் வாசகத்துக்கு நிகரான ஆங்கில மூலத்தையும் கட்சியிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அச்சிட மறுக்க எந்தச் சட்டமும் தேவையில்லை.

தெற்கு ஆஸ்திரேலியாவைப் பின்பற்றி எழுதிய மசோதா 2024 நவம்பரில் கான்பராவில் அறிமுகமாகி, நிறைவேறாமலே காலாவதியானது. கட்சி நிதிச் சட்டம் மட்டும் இரு பெரிய கட்சிகளின் கைகோர்ப்பில் 2025 பிப்ரவரியில் அவசரமாக நிறைவேறியது. 2025 தேர்தலில் லேபருக்குக் கீழவையில் 94 இடங்கள் கிடைத்தன. மசோதாவை மீண்டும் கொண்டு வருவதானால், தேர்தலை நடத்தும் ஆணையத்தையே பொய் எது மெய் எது என்று தீர்ப்புச் சொல்ல வைக்காமல் தனிக் குழு ஒன்றிடம் அதை ஒப்படைக்க வேண்டும். புகாருக்கு 48 மணி நேரத்தில் முடிவு, மறுப்பு அதே அளவில் அதே இடத்தில், முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்கும் நாளிலிருந்தே இந்தக் கெடு. இந்த மூன்றும் இல்லாத மசோதா வந்தால், அடுத்த முறையும் மறுப்பு தேர்தல் முடிந்த பிறகுதான் வரும்.

இப்படிக்கு,
அடிலெய்ட் வாசகர் ஒருவர்